யாருக்கு வரவு, யாருக்குச் செலவு

ஒருவர் ஏன் ஊர் மாறினார் என்று அரசுக் கணக்கெடுப்பில் கேட்கும்போது, பதில் எழுத ஒரு கட்டம்தான் இருக்கும். வேலை, படிப்பு, திருமணம், குடும்பத்தோடு வந்தது என்று ஏதாவது ஒன்றைக் குறித்துக்கொள்வார்கள். 2020-21ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பில், இந்தியாவில் இடம்பெயர்ந்த பெண்களில் சுமார் 87 சதவீதம் பேருக்குப் பதிவான காரணம் திருமணம். கல்யாணமாகி மதுரைக்கு வந்தவர், பத்து வருடம் கழித்துக் கணவரின் வேலைக்காகப் பெங்களூருக்குப் போனால், இரண்டு முறையும் அந்தக் கட்டத்தில் ஏறுவது வேறொருவருடைய காரணம்.

வீடுகளிலும் இப்படித்தான் பேச்சு நடக்கிறது. ஒருவருக்கு வேலை வந்திருக்கும். சம்பளம் எவ்வளவு, கம்பெனி எப்படி, எப்போது சேர வேண்டும் என்று அதைப் பற்றியே பேசி முடிவெடுத்துவிடுவார்கள். அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள்: பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு வரும் மனைவி, நடுவகுப்பில் புது மொழி எழுதப் பழகும் பிள்ளை, ஊரில் தனியாகத் தங்கிவிடும் அம்மா. ‘சென்னை நல்லதா, பெங்களூர் நல்லதா, கோயம்புத்தூர் போதுமா’ என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காததற்குக் காரணமும் இதுதான். எந்த ஊரும் வீட்டில் இருக்கும் நான்கு பேருக்கும் ஒரே மாதிரி நல்லதாக இருப்பதில்லை. ஆகவே இந்த அத்தியாயத்தில் ஊர்களை வரிசைப்படுத்தப் போவதில்லை. செலவை ஆள்வாரியாகப் பிரித்துப் பார்ப்போம்.

சம்பளக் கணக்கு

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மதுரையில் இருக்கிறார்கள். கணவர் மாதம் 38,000 ரூபாய் கொண்டுவருகிறார். மனைவி ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை, 16,000 ரூபாய். மகள் ஏழாம் வகுப்பு. கணவரின் அம்மா உடன் இருக்கிறார். வீட்டு வாடகை 9,000. இப்போது கணவருக்குப் பெங்களூரில் 70,000 ரூபாய்க்கு வேலை வருகிறது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வீட்டில் பாயசம் வைத்துவிடுவார்கள்.

மதுரையில் இரண்டு சம்பளமும் சேர்ந்து 54,000. வாடகை போக மிச்சம் 45,000. பெங்களூரில் ஐ.டி. பகுதியை ஒட்டி இரண்டு படுக்கையறை வீடு 22,000, அபார்ட்மெண்ட் மெயின்டனன்ஸ் 4,000 என்று வைத்துக்கொண்டால், 70,000இல் மிச்சம் 44,000. மனைவிக்கு அங்கே வேலை கிடைக்கும்வரை, இரண்டு மடங்குச் சம்பளம் குடும்பத்தை ஆயிரம் ரூபாய் பின்னால் தள்ளியிருக்கிறது. பள்ளிக் கட்டண வித்தியாசம், ஊருக்குப் போய்வரும் செலவு, அட்வான்ஸாக முடங்கும் பணம் எதுவும் இதில் சேரவில்லை. ஐந்து மாத அட்வான்ஸ் என்றாலே 1,10,000.

எண்கள் உங்களுக்கு வேறாக இருக்கும். கணக்கின் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் சம்பளத்தைப் பழைய சம்பளத்தோடு ஒப்பிடக் கூடாது. குடும்பத்தின் மொத்த வரவிலிருந்து வாடகையைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மிச்சத்தோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தும் போவது என்று முடிவு செய்தால், அது பணத்துக்காக எடுத்த முடிவல்ல, கணவரின் அடுத்த பத்து வருட வேலைக்காக எடுத்தது என்பதாவது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதில் தவறில்லை. பெங்களூரிலும் சென்னையிலும் ஒரு கம்பெனி கைவிட்டால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கிறது. அந்த வசதிக்குத்தான் அதிக வாடகை.

மனைவியின் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. ‘அங்கே போய் ஏதாவது பார்த்துக்கலாம்’ என்பது எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது. கணக்கர், டெய்லர், அழகுக்கலை போன்ற வேலைகள் எங்கும் எடுபடும். செவிலியர் என்றால் வேறு மாநிலத்தில் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வை ஒவ்வொரு மாநிலமும் தனியாக நடத்துகிறது. கணவர் சேரும் தேதிக்கு முன்பே மனைவியும் இரண்டு மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. போய்ச் சேர்ந்தபின் வீட்டை ஒதுக்கவும் பிள்ளையைப் பள்ளியில் பழக்கவும் ஆறு மாதம் ஓடிவிடும். வேலையில் விழும் அந்த இடைவெளி அடுத்த நேர்காணலில் கேள்வியாக வரும்.

ஆறாம் வகுப்பு என்னும் எல்லைக்கோடு

மாநிலம் விட்டு மாநிலம் போகும் பெற்றோர் அதிகம் விசாரிப்பது பள்ளிக் கட்டணத்தை. அதைவிடப் பெரிய செலவு காகிதத்தில் இருக்கிறது, ஆறு வருடம் கழித்துத்தான் தெரியவரும்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு, எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ் தேவைப்படாது. மருத்துவப் படிப்புக்கு அந்தக் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. நடுவில் வெளிமாநிலத்தில் படித்த பிள்ளை தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்தான் என்று நிரூபிக்கச் சான்றிதழோடு நிற்க வேண்டும். பெற்றோரின் பழைய ஆவணங்கள் சரியாக இருந்தால் இது முடிகிற காரியம்தான். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 2020 முதல் இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு அப்படியல்ல. ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் வெளியே போனால் அது போனதுதான். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இதே ஆறு-பன்னிரண்டு அடிப்படையில்தான் தொடங்கியது.

கர்நாடகத்தின் பக்கம் பார்த்தால், அங்கே தொழிற்கல்விச் சேர்க்கையில் மாநில மாணவராகக் கருதப்படப் பெரும்பாலோர் காட்டும் தகுதி, ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் ஏழு வருடம் அந்த மாநிலத்தில் படித்திருப்பது. நம் கற்பனைக் குடும்பத்தின் மகள் எட்டாம் வகுப்பில் போய்ச் சேர்ந்தால் பன்னிரண்டு முடிக்கும்போது ஐந்து வருடம்தான் ஆகியிருக்கும். அங்கே ஏழு வருடம் நிறையாது. இங்கே சான்றிதழுக்கு அலைய வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் போயிருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு வரை சரியாக ஏழு வருடம் வரும்.

ஆகவே என் பரிந்துரை: மாநிலம் மாறுவதாக இருந்தால் பிள்ளை ஆறாம் வகுப்பில் சேரும் ஜூன் மாதத்துக்குள் மாறிவிடுங்கள். அது தாண்டிவிட்டால், முடிந்தவரை பன்னிரண்டு முடியும்வரை பிள்ளையைத் தமிழ்நாட்டிலேயே படிக்க வையுங்கள். சேர்க்கை விதிகள் ஆண்டுதோறும் வெளியாகும் தகவல் கையேட்டில் இருக்கும். உங்கள் பிள்ளை இப்போது எந்த வகுப்பாக இருந்தாலும் இந்த ஆண்டின் கையேட்டை இரண்டு மாநிலத்துக்கும் இறக்கி ஒருமுறை படித்துவிடுங்கள். இடஒதுக்கீட்டுப் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இங்கே வாங்கிய சாதிச் சான்றிதழை வைத்து அங்கே மாநில ஒதுக்கீடு கேட்க முடியாது.

மொழியும் இருக்கிறது. கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழி. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்புவரை தமிழ். சின்ன வயதில் பிள்ளைகள் விளையாட்டிலேயே கன்னடம் கற்றுக்கொள்கிறார்கள், அது அவர்களுக்கு ஒரு சொத்துகூட. ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாக ‘அ ஆ’ எழுதச் சொன்னால் எந்தப் பிள்ளையும் முகம் சுளிக்கும். போன வேகத்தில் இரண்டே வருடத்தில் திரும்பி வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இரண்டு முறை.

வீடு பார்க்கப் போகும்போது

வீட்டுத் தரகர் உங்களுக்கு மாடுலர் கிச்சனைக் காட்டுவார். நீங்கள் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றி.

2019 ஜூனில் சென்னையின் குடிநீர் ஏரிகளான பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் கிட்டத்தட்ட வற்றிப்போயின. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தன. சில ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னன. அதற்கு நான்கு வருடம் முன்பு, 2015 டிசம்பரில், இதே ஊர் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும். ஒரே தெருவில் ஏப்ரலில் தண்ணீர் லாரியும் டிசம்பரில் படகும் வந்த கதையைச் சென்னைவாசிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஏனென்றால் பழகிவிட்டது. மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன, 2024இல் நெம்மேலியில் இன்னொன்று. நகரத்தின் நிலைமை முன்பைவிடத் தேறியிருக்கிறது. ஆனால் நீங்கள் குடியேறப் போவது நகரத்தில் அல்ல, ஒரு குறிப்பிட்ட கட்டடத்தில். மெட்ரோ வாட்டர் குழாய் அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறதா என்பதுதான் உங்களுக்கு வேண்டிய விவரம்.

பெங்களூருக்கு வேறு விதமான சிக்கல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியை மேலேற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. பழைய பெங்களூரில் காவிரி இணைப்பு உண்டு. ஐ.டி. வேலைக்காக முளைத்த வெளிவட்டப் பகுதிகள் பல வருடம் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியே இருந்தன. 2024 கோடையில் போர்வெல்கள் கைவிட்டபோது அடிபட்டவை அந்தப் பகுதிகள்தான். அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக வழி செய்தது. ‘காவேரி கனெக்‌ஷன் வந்துடும் சார்’ என்று ஹவுஸ் ஓனர் சொன்னால், வந்தபிறகு வாடகையை ஏற்றிக்கொள்ளலாம் என்று நீங்களும் சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

எந்த ஊராக இருந்தாலும் வீட்டுக்குள் நுழையும் முன் வாட்ச்மேனிடமோ கீழ்வீட்டுக்காரரிடமோ பேசுங்கள். ஓனர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். கடந்த மே மாதத்தில் எத்தனை லாரி வாங்கினார்கள், அந்தக் காசு மெயின்டனன்ஸில் அடக்கமா, இல்லை தனியாகப் பிரித்தார்களா? சம்ப் எவ்வளவு பெரிது, போர் தண்ணீர் உப்பா? துணி துவைத்தால் நுரை வருகிறதா என்று கேட்டால் போதும், தண்ணீரின் தன்மை தெரிந்துவிடும். வெள்ளம் எங்கே வரை வந்தது என்பதற்கு அதே தெருவில் இருக்கும் டூவீலர் மெக்கானிக்கைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த டிசம்பர் மாதங்களில் அவருக்குத்தான் வேலை குவிந்திருக்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர்ப் பக்கம் தரைத்தளத்தில் வீடு பார்ப்பவர்கள் இந்த விசாரணை முடியாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். கட்டடத்தின் பெயரிலேயே ‘லேக் வியூ’ என்று இருந்தால், மழைக்காலத்தில் ஏரியே வந்து உங்களைப் பார்க்கக் கூடும்.

மின்சாரத்திலும் ஒரு கண் வையுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் ஓனர் ஒரே மீட்டரில் பல வீட்டை ஓட்டி, சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கினால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. தனி மீட்டர் இருக்கும் வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கூடுதல் வாடகை கொடுப்பது பல சமயம் லாபம்.

அட்வான்ஸைப் பொறுத்தவரை, சென்னையில் பத்து மாத வாடகை கேட்பது பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது, இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர. அந்தத் ‘தவிர’வில்தான் பத்து மாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனாலும் சட்டம் இருப்பது பேரம் பேச உதவும். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யுங்கள். பெங்களூரில் மாத வாடகை இல்லாமல் மொத்தமாகப் பல லட்சம் கொடுத்து ‘லீஸ்’ எடுக்கும் வழக்கம் உண்டு, நம் ஊர்ப் போக்கியம் மாதிரி. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, ஓனர் தவணை கட்டாமல் போனால், வங்கி வந்து பூட்டும்போது உங்கள் லட்சங்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும். வில்லங்கச் சான்று பார்க்காமல் லீஸ் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்றையும் பூசி மெழுகாமல் சொல்லிவிட வேண்டும். ‘நான்-வெஜ் சமைப்பீங்களா, நீங்க எந்த ஆளுங்க’ என்று கேட்கும் ஓனர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெருநகரத்துக்குப் போனால் யார் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்பது பாதி உண்மை. அலுவலகத்தில் கேட்க மாட்டார்கள், வாடகை வீட்டு வாசலில் கேட்பார்கள். முஸ்லிம் குடும்பங்களும் தலித் குடும்பங்களும் தனியாக வாழும் பெண்களும் வீடு தேட மற்றவர்களைவிட அதிக நாள் ஒதுக்க வேண்டியிருக்கிறது. வேலையில் சேர்வதற்கு ஒரு வாரம் முன்பு போய் இறங்கினால் போதும் என்று இவர்கள் திட்டமிடக் கூடாது. நேரம் இல்லாதபோது கிடைத்த வீட்டுக்குக் கேட்ட வாடகையைக் கொடுத்துக் குடியேற வேண்டியதாகிவிடும்.

வீடு யாருக்குப் பக்கத்தில்

அலுவலகத்துக்குப் பக்கத்தில் என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் அதை ஒப்ப மாட்டேன். தனியார் கம்பெனியில் வேலை செய்பவர் மூன்று நான்கு வருடத்தில் கம்பெனி மாறிவிடுவார், அல்லது கம்பெனியே இடம் மாறிவிடும். பள்ளி அப்படி மாறாது. பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு பார்த்து, சம்பாதிப்பவர் பயணம் செய்வதே நியாயமான ஏற்பாடு. ஊர் மாறுவதற்கான காரணம் அவருடையது என்றால் அலைச்சலும் அவருடையதாக இருக்கட்டும்.

ஆனால் அந்த அலைச்சலுக்கும் ஓர் எல்லை வேண்டும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் மாதம் 22 வேலைநாளில் 66 மணி நேரம் போகிறது. எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் எட்டு நாளுக்கும் மேல், அதுவும் சம்பளம் இல்லாமல். சென்னையில் தாம்பரம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று தள்ளிக் குடியிருந்தாலும் எலெக்ட்ரிக் டிரெயின் ஸ்டேஷனுக்கு நடந்து போக முடிந்தால் நேரம் கையில் நிற்கும். சீசன் டிக்கெட்டும் மலிவு. பழைய மகாபலிபுரம் சாலையின் பெரும்பகுதியில் ரயில் இல்லை. மெட்ரோ இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் சுமார் 119 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்டு வேலை நடக்கிறது. வரப்போகும் மெட்ரோவைக் காட்டி இன்றைக்கே கூடுதல் வாடகை கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு வேலைநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம்வரை நீங்களே போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த தூரத்தை நம்பி வீடு எடுத்தவர்கள்தான் பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் நின்றுகொண்டு கன்னடம் கற்றுக்கொள்கிறார்கள்.

பெங்களூரின் தெற்குப் பகுதியில், எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கம் வேலை என்றால் ஓசூரையும் யோசியுங்கள். பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், ஏறக்குறைய அதே உயரம், அதே குளிர்ச்சி. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பதால் பிள்ளையின் படிப்புக் கணக்கு அறுபடாது, ரேஷன் கார்டும் அதை ஒட்டிய மகளிர் உரிமைத் தொகையும் தொடரும். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன், டாடா எலெக்ட்ரானிக்ஸ் என்று ஊரிலேயே தொழிற்சாலைகள் இருப்பதால் வீட்டில் இரண்டாவது ஆளுக்கும் வேலை கிடைக்க வழி உண்டு. பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூருக்குப் பேருந்துதான். அத்திப்பள்ளி எல்லையில் காலை நெரிசலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வேலை ஒயிட்ஃபீல்டிலோ அதற்கு வடக்கேயோ என்றால் ஓசூரை மறந்துவிடலாம்.

ஒரே தொழிலை நம்பிய ஊர்கள்

இதுவரை பேசியது மாதச் சம்பளக்காரர்களுக்கு. திருப்பூருக்குப் போகும் குடும்பத்தின் கணக்கு வேறு. அங்கே பனியன் கம்பெனியில் கணவனும் மனைவியும் இருவருமே வேலைக்குப் போகலாம். டெய்லர், கட்டிங், செக்கிங், பேக்கிங் என்று கை பழகியவர்களுக்கும் பழகாதவர்களுக்கும் இடம் இருக்கும். சனிக்கிழமை கையில் காசு வந்துவிடும். மழை பொய்த்த வருடத்தில் தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் குடும்பத்தோடு கிளம்பி வந்தவர்களுக்கு அந்த ஊர் கொடுத்தது சின்ன விஷயமல்ல. பெண்களுக்குச் சொந்தச் சம்பளம் என்று ஒன்று அங்கேதான் முதன்முதலாகக் கிடைத்தது என்று சொல்லும் வீடுகள் ஏராளம்.

வேலை சீராக இருக்கும் மாதங்களில் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம் ஓடுவார்கள். கணக்குப் போடும்போது அந்த ஒன்றரை ஷிப்ட் வரவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் போவது அதுதான். ஒரு ஷிப்ட் சம்பளத்தில் லைன் வீட்டு வாடகையும் சாப்பாடும் கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். ஊர் முழுக்க ஒரே தொழிலை நம்பியிருப்பதால், அடி விழுந்தால் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் விழும். 2011 தொடக்கத்தில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அப்படித்தான் ஆனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக்கியபோதும் ஏற்றுமதிக் கம்பெனிகள் கலங்கின. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014இல் மூடியதும் அந்த வகைதான், ஆனால் சுற்றிலும் வேறு தொழிற்சாலைகள் இருந்தன. இப்படிப்பட்ட ஊருக்குப் போகிறவர்கள் பிறந்த ஊரில் இருக்கும் வீட்டையும் ரேஷன் கார்டையும் முதல் இரண்டு வருடம் கலைக்காமல் இருப்பது நல்லது.

கோயம்புத்தூருக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. பம்ப்செட், ஜவுளி, இன்ஜினியரிங், மருத்துவமனை, கல்லூரி, ஐ.டி. என்று பல தொழில்களில் கால் ஊன்றிய ஊர். சிறுவாணித் தண்ணீர் கிடைக்கும் பகுதியில் வீடு கிடைத்தால் அது தனிச் சுகம். சம்பளம் சென்னையைவிடக் குறைவாக இருக்கும், மேலே போகும் பதவிகளும் எண்ணிக்கையில் குறைவு. நாற்பது வயதுக்கு மேல், அம்மா அப்பாவையும் கூட வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் ஊர் இது.

ஊரில் இருப்பவர்கள்

பெற்றோரை அழைத்துப் போவதா, விட்டுப் போவதா என்பதை அவர்களிடமே கேளுங்கள். வேறு ஊரில், மூன்றாவது மாடியில், பகல் முழுக்கப் பூட்டிய வீட்டுக்குள், பேச ஆளில்லாமல் இருப்பதைவிட, சொந்தத் தெருவில் தனியாக இருப்பதைப் பலர் விரும்புகிறார்கள். அது பிடிவாதமல்ல. காலையில் பால்காரரும் கோயில் வாசலும் எதிர்வீட்டு மாமியும் சேர்ந்து அவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்குச் சென்னையில் மாதச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தாலும் ஈடாகாது.

விட்டுப் போவதென்றால், அவசரத்தில் எத்தனை மணி நேரத்தில் வந்து சேர முடியும் என்று பாருங்கள். கிலோமீட்டர் கணக்கு இதற்கு உதவாது. கோயம்புத்தூரிலிருந்து மதுரைக்கு நினைத்த நேரத்தில் பஸ் ஏறலாம், டிக்கெட் வாங்கி வைத்திருக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மதுரைக்கு ரயில்கள் பல, வந்தே பாரத்தும் இருக்கிறது. ஆனால் 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்புதான் முன்பதிவு திறக்கிறது, விடுமுறை நாட்களுக்குத் திறந்த சில நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. பண்டிகைக்கால ஆம்னி பஸ் கட்டணத்தை வருடச் செலவில் தனி வரியாகப் போட்டு வையுங்கள். சென்னையில் தென்மாவட்டப் பேருந்துகளில் பெரும்பாலானவை 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துக்குப் போய்விட்டதால், அம்பத்தூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பஸ் ஏறுவதற்கு முன்பே ஒரு பயணம் முடிந்துவிடுகிறது. ஊருக்கு அடிக்கடி போக வேண்டிய கட்டாயம் இருப்பவர்கள் தாம்பரத்துக்குத் தெற்கே வீடு பார்ப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

முன்னால் ஒருவர் போவது

வேலை கிடைத்தவர் முதலில் தனியாகப் போய் பி.ஜி.யிலோ மேன்ஷனிலோ தங்கி, கல்வியாண்டு முடிந்ததும் குடும்பத்தை அழைத்துக்கொள்வது நல்ல முறை. பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை ஏப்ரல், மே மாதத்தில் வாங்கலாம். அதற்குள் அந்த ஊரின் ஒரு கோடையையாவது அவர் பார்த்திருப்பார். இரண்டு வீட்டுச் செலவு ஆகும்தான். அந்தச் சில மாதச் செலவு, தவறான வீட்டில் மாட்டிய அட்வான்ஸைவிடக் குறைவு. ஒன்றே ஒன்று, ‘கொஞ்ச நாள்’ என்று சொல்லிப் போகாதீர்கள், தேதி சொல்லிப் போங்கள். தேதி இல்லாமல் போன பல வீடுகளில் அப்பா வாரக் கடைசியில் வந்துபோகும் விருந்தாளியாகவே நின்றுவிட்டார். அங்கேயும் விலை கொடுத்தது பின்னால் இருந்தவர்கள்தான்.

குடும்பம் போய்ச் சேர்ந்ததும் கேஸ் இணைப்பு, ஆதார் முகவரி, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரு வாரத்து வேலை. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. தமிழ்நாட்டுப் பதிவு வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். பழைய ஸ்கூட்டராக இருந்தால் ஊரிலேயே விற்றுவிட்டுப் போவது மேல். கர்நாடகத்தில் பெண்களுக்கான இலவசப் பேருந்துப் பயணம் அந்த மாநில முகவரி காட்டுபவர்களுக்குத்தான். அதற்காக ஆதார் முகவரியை மாற்றும் முன், ரேஷன் கார்டையும் உரிமைத் தொகையையும் வைத்து எது லாபம் என்று வீட்டுப் பெண்களே கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

திரும்பி வர நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் போகும் முன்பே எழுதி வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை மாத முன்னறிவிப்பு, காலி செய்யும்போது பெயிண்ட் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்று ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். குடியேறும் அன்றே சுவர், குழாய், ஃபேன், கதவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மனைவி விட்டு வந்த பள்ளியில், ஒரு வருடத்துக்குள் திரும்பினால் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டு வைப்பதும் இந்தப் பட்டியலில் வரும்.